கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை – 23: பேராயர் தொடுத்த வழக்கு

2007 அக்டோபர் 30 அன்று பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிபட்டதையும், நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதிகளில் நம்மவர்கள் திரண்டதையும் சென்ற இதழ்களில் பார்த்தோம். அந்த ஆண்டு முடிவதற்குள் இதே நகரத்தில் இன்னொரு போராட்டம் தொடங்கிவிட்டது. வீதிக்கு வராத போராட்டம் அது. ஒரு வாரப் பத்திரிகைக்கு உரிமம் புதுப்பிக்கும் காகிதத்தில் தொடங்கி, ஏழு ஆண்டுகள் நீதிமன்றங்களில் ஏறி இறங்கியது. நடுவில் ஒரு தேவாலயம் தீப்பற்றி எரிந்தது. நம் தமிழ் வாசகர்களில் பலருக்கு இது ‘கிறிஸ்தவர்கள் விவகாரம்’ என்ற அளவில்தான் நினைவிருக்கும். கிறிஸ்தவத் தமிழர்களிலேயே சிலர் அன்று, ‘நமக்கு ஏன் இந்த வம்பு?’ என்று கேட்டிருக்கக்கூடும். அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பத்திரிகையின் பெயர் ஹெரால்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் வார இதழ். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிப் பக்கங்கள் ஒரே இதழில் இருக்கும். சுமார் 14,000 பிரதிகள். கடைகளில் கிடைக்காது, ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகிறவர்கள் கோயில் வாசலில் வாங்கிக்கொண்டு போவார்கள். வெளியீட்டாளர் என்ற பொறுப்பு கோலாலம்பூர் பேராயருடையது. 2003 முதல் அந்தப் பதவியில் இருந்தவர் தாப்பாவில் பிறந்த மர்ஃபி பாக்கியம். ஆசிரியர் இயேசு சபைக் குருவான லாரன்ஸ் ஆண்ட்ரூ. இருவருமே இந்திய வம்சாவளியினர்.

1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அப்போது எல்லாப் பத்திரிகைகளும் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். (இந்த வருடாந்தரக் கெடுபிடி 2012-இல்தான் நீங்கியது.) டிசம்பர் மாதம் வந்தால் ஆசிரியர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். உரிமம் தாமதமானால் அச்சகம் அச்சிடாது. அமைச்சர் மறுத்தால் அதோடு முடிந்தது. 2007 டிசம்பரில் ஹெரால்டின் உரிமம் தாமதமானது. மலாய்ப் பக்கங்களில் கடவுளைக் குறிக்க ‘அல்லா’ என்ற சொல்லைப் போடக்கூடாது என்பது அமைச்சின் நிலை.

மலாய்ப் பக்கங்கள் யாருக்காக? தீபகற்பத்தில் வாழும் நமக்கு இது சட்டென்று விளங்காது. இந்த நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சபா, சரவாக் மாநிலங்களின் பூர்வகுடிகள். கடசான், ஈபான், மூருட், லுன் பாவாங் என்று பல இனத்தார். அவர்களை ஒன்றாக இணைக்கிற மொழி மலாய். அந்த மொழியில்தான் ஜெபிக்கிறார்கள், வேதம் வாசிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடவுளை ‘அல்லா’ என்றே அழைத்து வந்தவர்கள். வேலைக்கும் படிப்புக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்தபோது ஜெபத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் மலாய்மொழித் திருப்பலிகள் நடக்கத் தொடங்கியது இவர்களுக்காகத்தான்.

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததும் அல்ல. முத்துக்குளித்துறையில் பரதவ மக்களுக்கு ஜெபங்களைத் தமிழில் அமைக்கச் செய்த அதே பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் மலாக்காவுக்கு வந்தார். வந்த கையோடு அந்த ஜெபங்களை மலாயிலும் பெயர்க்க ஏற்பாடு செய்தார். மலாய்மொழியில் மத்தேயு நற்செய்தி 1629-இல் ஒல்லாந்தில் அச்சேறியது. பெயர்த்தவர் ரூய்ல் என்ற வணிகர். 1631-இல் ரோமில் மலாய்–லத்தீன் அகராதி ஒன்று வெளிவந்தது. மலேசியா என்ற நாடு 1963-இல் உருவாவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் மலாய்க் கிறிஸ்தவ நூல்களில் இருக்கிறது.

ஆனால் சட்டம் வேறு திசையில் போயிருந்தது. 1986 டிசம்பர் 5 அன்று உள்துறை அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது: அல்லா, பைத்துல்லா, சோலாட், காபா ஆகிய நான்கு சொற்களைக் கிறிஸ்தவ வெளியீடுகள் பயன்படுத்தக் கூடாது. இரண்டு ஆண்டுகளில் சிலாங்கூர் சட்டமன்றம் இன்னும் கடுமையான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இஸ்லாம் அல்லாத சமயங்கள் முஸ்லிம்களிடையே பரப்பப்படுவதைக் கட்டுப்படுத்தும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 25 சொற்கள் அதில் தடைப்பட்டியலில் உள்ளன. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலங்களுக்குத் தருகிறது. மலாய் முஸ்லிம்கள் பலருக்கு உண்மையான அச்சமும் இருந்தது. வீட்டில் தொழுகையில் சொல்லும் பெயரைத் தேவாலயத்தின் மலாய் நூலிலும் பார்த்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்களோ என்ற அச்சம். அதை வெறும் அரசியல் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அரசியல்வாதிகள் அந்த அச்சத்தைக் கையிலெடுத்தார்கள் என்பதும் உண்மை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லூத்தரன் ஆலயத்திலும் தமிழ் மெதடிஸ்ட் சபையிலும், புடுவில் அந்தோணியார் கோயிலிலும் மண்டியிடும் தமிழர் கடவுளை எப்படி அழைக்கிறார்? ஆண்டவரே என்கிறார், கர்த்தாவே என்கிறார், தேவனே என்கிறார். அமைச்சின் தடையால் அவர் ஜெபத்தில் ஓர் எழுத்துகூட மாறப்போவதில்லை. ஹெரால்டு அந்தச் சொல்லை விட்டுவிட்டால், அல்லது மலாய்ப் பக்கங்களையே நிறுத்திவிட்டால், தமிழ்ப் பக்கங்கள் எப்போதும்போல வந்துகொண்டிருக்கும். உரிமம் டிசம்பரில் சத்தமில்லாமல் வந்து சேரும். பேராயர் அமைச்சர்களோடு தேநீர் அருந்தலாம்.

உரிமமோ நான்கு மொழிக்கும் ஒன்றுதான். மலாய்ப் பக்கத்துக்காகப் பிடிவாதம் பிடித்தால் தமிழ்ப் பக்கமும் சேர்ந்து போகலாம். இந்த நிலையில் ஒரு தமிழ்ப் பேராயர் தாம் ஜெபத்தில் சொல்லாத ஒரு சொல்லுக்காக அரசின் மேல் வழக்குத் தொடுத்தார். தம் மந்தையில் கடசானும் ஈபானும் இருக்கிறார்கள், அவர்கள் கடவுளை அழைப்பதை அரசு நிறுத்தச் சொன்னால் அது தமக்குச் சொன்னதுதான் என்று நின்றார். இந்தத் தொடரில் இதுவரை எழுதிய மனிதர்களில் பலர் தம் சாமிக்காக நின்றவர்கள். பிறர் கடவுளை அழைக்கும் குரலுக்காக நின்றவர் என்ற வகையில் மர்ஃபி பாக்கியம் தனித்து நிற்கிறார். நம் சமூகம் அதை இன்னும் முழுதாக உணரவில்லை என்பது என் ஆதங்கம்.

2009-இல் நெருக்கடி இறுகியது. ஜனவரியில் மலாய்ப் பக்கங்கள் வரலாம், அந்தச் சொல் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு உரிமம் வந்தது. அதோடு இன்னொரு கட்டளையும் சேர்ந்தது. முகப்பில் ‘தெர்ஹாட்’ (வரையறுக்கப்பட்டது) என்று அச்சிட வேண்டும், கிறிஸ்தவர்களுக்கு மட்டும், தேவாலயங்களில் மட்டுமே கொடுக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் புனிதர் வரலாறு படிக்க வாங்கியவர் கையிலும் அதே முத்திரை இருந்தது. பிப்ரவரி 16 அன்று பேராயர் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோரி மனுச் செய்தார். அடுத்த மாதமே, மலேசிய வேதாகமச் சங்கம் வரவழைத்த 5,100 மலாய் வேதாகமங்கள் கிள்ளான் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் அவை அங்கேயே கிடந்தன.

ஆண்டின் கடைசி நாளான 2009 டிசம்பர் 31 அன்று நீதிபதி லாவ் பீ லான் தீர்ப்பளித்தார். அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஹெரால்டுக்கு அரசியலமைப்பு தரும் உரிமை உண்டு; அமைச்சரின் தடை செல்லாது.

வெற்றி ஆறு நாள் நீடித்தது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. ஜனவரி 6 அன்று தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கேட்டபோது திருச்சபை எதிர்க்கவில்லை, ஒப்புக்கொண்டது. இதைச் சிலர் பின்வாங்கல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கை அவர்கள் கைவிடவில்லை. நாட்டில் தீ பரவக்கூடாது என்று கையிலிருந்த வெற்றியைப் பயன்படுத்தாமல் பொறுத்தார்கள். அப்படிப் பொறுத்தும் தீ பரவியது. ஜனவரி 8 நள்ளிரவுக்குப் பின் டேசா மெலாவத்தியில் மெட்ரோ டேபர்நேக்கல் சபையின் மூன்று மாடிக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். தரைத்தளம் எரிந்துபோனது. பெட்டாலிங் ஜெயாவில் அசம்ப்ஷன் ஆலயத்தின் மீது பெட்ரோல் குண்டு விழுந்தது. செந்தூலில் சீக்கியர்களின் குருத்வாராவைக் கல்லால் அடித்தார்கள்; சீக்கியர்களின் திருநூலிலும் அந்தப் பெயர் உண்டு. திருச்சபையின் வழக்கறிஞர்கள் அலுவலகத்தை யாரோ உடைத்து உள்ளே புகுந்தார்கள். டேசா மெலாவத்தி ஆலயத்துக்குத் தீ வைத்த சகோதரர் இருவர் அந்த ஆண்டிலேயே ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். பிரதமர் நஜிப் எரிந்த ஆலயத்தைப் பார்க்க வந்து, புதிய இடத்துக்காக 5 லட்சம் ரிங்கிட் அறிவித்தார்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். அந்த ஜனவரியில் பாஸ் கட்சித் தலைமை, ஆபிரகாம் வழிவந்த சமயத்தார் இந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்தாதவரை பயன்படுத்தத் தடையில்லை என்று அறிவித்தது. இஸ்லாமிய நெறியை அரசியலாகக் கொண்ட கட்சி அது. மூன்று ஆண்டுகள் கழித்து அதன் மார்க்க அறிஞர் மன்றம் நிலையை மாற்றிக்கொண்டது. ஆனாலும் 2010-இன் அந்தக் கொதிநிலையில் அவர்கள் சொன்ன வார்த்தை மிகப் பெரியது.

2011-இல் சரவாக் மாநிலத் தேர்தல் நெருங்கியது. அங்கே வாக்களிப்பவர்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள். கிள்ளான் துறைமுகத்து வேதாகமங்களை விடுவிப்பதாக அரசு சொன்னது. போய்ப் பார்த்தால், கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ற எச்சரிக்கையும் வரிசை எண்ணும் அமைச்சின் ஆணையும் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தன. முத்திரை குத்திய வேதத்தை விற்க மாட்டோம், இந்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றுச் சான்றாகப் பாதுகாப்போம் என்றது வேதாகமச் சங்கம். அதன் பிறகு ஏப்ரல் 2 அன்று அரசு பத்து அம்சத் தீர்வு ஒன்றை வெளியிட்டது. சபாவிலும் சரவாக்கிலும் மலாய் வேதாகமத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. தீபகற்பத்தில் சிலுவைக் குறியும், கிறிஸ்தவ வெளியீடு என்ற வாசகமும் இருக்க வேண்டும். கோத்தா கினாபாலுவில் தாராளமாக ஜெபிக்கும் ஒருவர் விமானம் ஏறிச் சிலாங்கூரில் இறங்கினால் அதே ஜெபத்துக்கு மாநிலச் சட்டம் குறுக்கே நிற்கும். இந்த முடிச்சைப் பத்து அம்சம் அவிழ்க்கவில்லை.

அதே ஆண்டுத் தொடக்கத்தில் 1631-இன் மலாய்–லத்தீன் அகராதியைத் திருச்சபை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஆதாரம் கேட்டவர்களுக்கு அச்சிட்ட ஆதாரத்தையே கையில் கொடுத்தார்கள்.

2013 அக்டோபர் 14 அன்று புத்ராஜெயாவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டியது. நீதிபதி அபாண்டி அலி தலைமையிலான மூவரும் ஒருமித்துச் சொன்னது இது: இந்தச் சொல் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் வழிபாட்டுக்கும் இன்றியமையாத பகுதி அல்ல.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். சென்னையில் தொடங்கி 1954-இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்த்த சிரூர் மடம் வழக்கை நம்மில் சிலர் அறிந்திருப்போம். இந்து அறநிலையத் துறை ஆணையருக்கும் மடாதிபதிக்கும் நடந்த வழக்கு. ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று அன்று நீதிமன்றம் சொன்னது. புத்ராஜெயாவிலோ, மூன்று நூற்றாண்டுகளாக ஒரு சமூகம் கடவுளை அழைக்கும் பெயர் அதன் விசுவாசத்துக்குத் தேவையா இல்லையா என்பதை நீதிமன்றமே முடிவு செய்தது. இது நம்பிக்கை உள்ள எவரையும் உலுக்க வேண்டிய இடம். இன்று மலாய் ஜெபத்தில் ஒரு சொல். இந்த அளவுகோல் நிலைத்துவிட்டால் நாளை தீமிதி தேவையா, அலகு தேவையா, வழியோர முனீஸ்வரர் தேவையா என்று கேட்கவும் அதே கோல் போதும்.

தமிழ்க் கத்தோலிக்கர் தேவசகாயம் பிள்ளையை அறிவார்கள். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. விசுவாசத்தை விட மறுத்ததற்காக 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய காலத்தில் அரசின் நெருக்குதல் விலங்காக வந்தது, துப்பாக்கியாக வந்தது. யார் எங்கே நிற்கிறார் என்று ஊரே பார்க்கும். நம் காலத்தில் அது உரிமத்தின் நிபந்தனையாக வருகிறது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். உயிரைக் கொடுத்தவரோடு இதை ஒப்பிடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு வாய்க்கும் சோதனை இந்த வகைதான்.

2013 டிசம்பரில் பேராயர் பாக்கியத்துக்கு 75 வயது நிறைந்தது. திருச்சபை விதிப்படி பதவி விலகினார். அதே மாதக் கடைசியில் லாரன்ஸ் அடிகளார், சிலாங்கூர் தேவாலயங்களின் மலாய்மொழித் திருப்பலிகளில் அந்தச் சொல் தொடர்ந்து பயன்படும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஹெரால்டுக்கு இடப்பட்ட தடை திருப்பலிக்கு இல்லை என்பது அவர் வாதம். அந்தச் சொல் முஸ்லிம்களுக்கே உரியது என்று சிலாங்கூர் சுல்தானின் ஆணை ஏற்கெனவே அந்த ஆண்டு வெளியாகியிருந்தது. அடிகளார்மீது போலீஸ் புகார்கள் குவிந்தன. தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் விசாரணை வந்தது.

2014 ஜனவரி 2 அன்று சிலாங்கூர் சமய இலாகாவான ஜாய்ஸ் பெட்டாலிங் ஜெயாவில் வேதாகமச் சங்கத்துக்குள் நுழைந்து மலாய், ஈபான் மொழி வேதாகமங்கள் முந்நூறுக்கு மேல் எடுத்துச் சென்றது. சங்கத் தலைவரையும் மேலாளரையும் காவல் நிலையம் கொண்டுபோனது. மாநிலத்தை அப்போது ஆண்டது எதிர்க்கட்சிக் கூட்டணி. வாக்கு வாங்கியவர்கள் ஒரு பக்கம், சமய இலாகா இன்னொரு பக்கம் என்ற நிலை அந்த வாரம் அம்பலமானது. மத்தியில் ஆண்ட அம்னோ கட்சியின் மாநிலப் பிரிவு, சிலாங்கூர் தேவாலயங்களின் முன் ஞாயிற்றுக்கிழமை ஆர்ப்பாட்டம் என்று அறிவித்தது.

அந்த ஞாயிறு, ஜனவரி 5. கிள்ளானில் 1928-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் அன்று நாட்டின் கண்முன் வந்தது. நகரில் அடிகளாருக்கு எதிரான கூட்டம் கூடியது. ஆலயத்திலோ திருப்பலி வழக்கம்போல் நடந்தது. வாசலில் முஸ்லிம்கள் உட்படப் பல இன மக்கள் பூக்களோடு வந்து நின்றார்கள். முன்னாள் பிரதமரின் மகள் மரினா மகாதீரும் அவர்களில் ஒருவர். வழிபாட்டுக்கு வந்தவர்கள் பயத்தோடு வந்திருப்பார்கள். அப்படியும் வந்தார்கள்.

கூட்டரசு நீதிமன்றம் 2014 ஜூன் 23 அன்று மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் மறுக்க, மூவர் அனுமதிக்க வேண்டும் என்றனர். அந்த மூவர் சபாவைச் சேர்ந்த ரிச்சர்ட் மலான்ஜும், முஸ்லிம் பெண்மணியான சைனுன் அலி, ஜெஃப்ரி டான் ஆகியோர். அன்றே பிரதமர் அலுவலகம், தீர்ப்பு ஹெரால்டுக்கு மட்டுமே, தேவாலயங்களில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று விளக்கம் தந்தது. லாரன்ஸ் அடிகளார் ஆறு மாதங்களுக்கு முன் சொன்னதும் இதைத்தான். 2015 ஜனவரி 21 அன்று மறுசீராய்வு மனுவும் தள்ளுபடியானது. ஹெரால்டு அந்தச் சொல் இல்லாமலே தொடர்ந்து வெளிவந்தது. சட்டப்படி பார்த்தால் பேராயர் தோற்றார்.

ஆனால் இதே காலத்தில் இன்னொரு வழக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. 2008 மே 11 அன்று சிப்பாங் மலிவுக்கட்டண விமான முனையத்தில், ஜில் அயர்லாந்து என்ற சரவாக் மெலானாவ் பெண்ணின் பையிலிருந்து எட்டுக் குறுந்தகடுகளைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்திருந்தார்கள். அவர் தம் சொந்த ஜெபத்துக்காக இந்தோனேசியாவிலிருந்து வாங்கிவந்தவை. அந்த எட்டுக் குறுந்தகடுகள் 2021 மார்ச் 10 அன்று 1986-இன் சுற்றறிக்கையையே செல்லாததாக்கிய கதையையும், 2023-இல் அரசு தன் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றதையும், சிலாங்கூரின் 1988 சட்டம் இன்றும் அப்படியே இருப்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.